நாலாவது சீட்

திங்கட்கிழமை, காலை 9.10.

வேன் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. கைவிடப்பட்ட கல்குவாரி, இருபதடிப் பள்ளம். முன்கண்ணாடி பொடிப்பொடி. முன் அச்சு இரண்டு துண்டு. பள்ளத்தின் விளிம்பில் ரொட்டிக்கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறு மதியம் காணாமல் போன வண்டி அது. கடைக்கு இருந்த ஒரே வண்டி.

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாச்சு, எழுந்திருங்க," என்றார் போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா.

வந்தவரை ஊரில் எல்லோரும் டேப் சார் என்பார்கள். கம்பெனியில் இருபத்தாறு வருஷம். சட்டைப் பையில் பேனா இல்லாமல் போனாலும் போகும், அளக்கிற டேப் இல்லாமல் போகாது. சொந்த மகளுக்குக் கட்டில் வாங்கப் போனவர், அரை அங்குலத்துக்காகக் கடைக்காரனோடு மல்லுக்கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்.

அவர் பள்ளத்தில் இறங்கி வேனின் பின்கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"இங்க வாங்க. இதென்ன?"

ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரொட்டித் தட்டுகள் அடுக்குகிற இடத்தில் நாலு சீட் நின்றது. நீலநிற ரெக்சின். கால்கள் தரையோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தன.

"சார்... இது என்னோடது இல்ல சார்!"

"வண்டியா?"

"வண்டி என்னோடதுதான். சீட் என்னோடது இல்ல. சத்தியமா இல்ல. பின்னாடி ஒரு ஸ்டூல்கூட நான் வச்சதில்ல."

டேப் சார் ஒரு போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியும், வேன் என்றால் வேன் என்று விட்டுவிட கம்பெனிக்கு மனசு வராது. அதே தகரம், அதே நாலு சக்கரம். மூட்டை ஏற்றினால் சரக்கு வேன், ஆள் ஏற்றினால் பயணிகள் வேன். இரண்டுக்கும் வேறு வேறு பாலிசி, வேறு வேறு கட்டணம். சரக்கு வேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆள் ஏற்றுகிற வண்டிக்கு ஒரு காசு பெயராது. போதாக்குறைக்கு, பொய் சொல்லி பாலிசி எடுத்தவர் என்ற பட்டியலில் பேர் ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனியும் வாசல்படி ஏற விடாது.

"ஒரு சந்தேகம்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "திருடன் ஸ்டெப்னியை எடுத்துட்டுப் போவான், பேட்டரியை எடுத்துட்டுப் போவான். நாலு சீட்டைக் குடுத்துட்டுப் போற திருடனை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"நானும்தான்," என்றார் டேப் சார். டேப்பை இழுத்தார்.

மூன்று சீட்டுகள் ஒரே வரிசை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர்த்தி. இடைவெளி ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நாலாவதுக்கு இடமில்லை. அதைச் சக்கர மேட்டின்மேல் கோணலாகச் சாய்த்து, இரண்டு காலுக்கு மட்டும் போல்ட் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு கால் அந்தரத்தில். அந்த இடத்தில் துளை போட மூன்று தடவை முயன்ற கீறல்கள்.

தரையில் மாவுத்தூள் படிந்திருந்தது. அதில் ஒட்டியபடி, துளையிட்டபோது சிதறிய இரும்புச் சுருள்கள், யார் காலும் படாமல், பளபளத்தன.

அவர் மல்லாந்து படுத்து சீட்டுகளின் அடிப்பக்கம் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்ட்டில் ஒரு வட்டம், நடுவில் குறுக்குக் கோடு.

அது அவர் தன் கையால் போட்ட குறி.

திங்கட்கிழமை, காலை 11.40.

கம்பெனி ஆபீஸில் மேனேஜர் அறைக்குப் புதுக் கண்ணாடிக் கதவு. உள்ளே கைவைத்த நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் டேப் சாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும். அதில் உட்கார்ந்திருந்தவன் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டவன். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் வித்தியாசம் கேட்டவன். இன்றைக்கும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். அது இன்னும் அதிகமாகக் குத்தும்.

"பின்னாடி நாலு சீட் இருக்கு," என்றார் டேப் சார், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. "மூணு வரைக்கும் கூலியாள் உட்காரலாம், சரக்கு வேன்தான். நாலு வந்துட்டா பயணிகள் வேன். ஆகவே..."

"சார், சார். அது பழைய ரூல் புக்." மேனேஜர் சிரித்தான். கதவு திறந்திருந்தது. "மாறி மூணு மாசம் ஆச்சு. டிரைவருக்குப் பின்னாடி போல்ட் போட்ட சீட் ஒண்ணே ஒண்ணு இருந்தாலே இப்ப பயணிகள் வேன். உங்களுக்குப் புது புக் வரலையா?"

வெளியே யாரோ செருமினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வரல," என்றார் டேப் சார்.

"ஓ... கிளாஸுக்கு மேனேஜரையும் ஏஜென்ட்டையும் மட்டும்தான் கூப்பிட்டாங்க. ஏஜென்ட்டுங்களுக்கு அன்னிக்கே கையில குடுத்தாச்சு. பரீட்சைகூட வச்சோம். சரி விடுங்க. ஒண்ணோ நாலோ, க்ளெய்ம் கிடையாது. புதன்கிழமை நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் குடுங்க, க்ளோஸ் பண்ணிடலாம்."

"சீட்டை வச்சது யாருன்னு பார்க்க வேணாமா?"

"ஓனரைத் தவிர யாருக்கு சார் அக்கறை?"

"அந்தப் புது புக்கை ரெண்டு நாளைக்குக் குடுப்பா."

கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. பஸ்ஸில் நின்றபடியே படித்தார். அவன் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். ஆனால் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'உரிமையாளர் பொருத்திய, அல்லது அவர் அறிந்து பிறர் பொருத்திய சீட்.' அந்த வரியின்கீழ் நகத்தால் கோடு போட்டார்.

திங்கட்கிழமை, மதியம் 3.05.

கடைப் பலகையில் 'சின்னவ பேக்கரி' என்று எழுதியிருந்தது. கல்லாவில் இருந்தவள்தான் அந்தச் சின்னவள், ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. அழுது முகம் வீங்கியிருந்தாலும் கை தன் பாட்டுக்கு ரொட்டியைச் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வண்டி எங்க போச்சு?"

"காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. அறுபது தட்டு ரொட்டி," என்றார் கணவர்.

டேப் சார் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்டோர்காரர் அறுபது தட்டையும் தானே எண்ணி இறக்கியதாகச் சொன்னார். நாலு சீட்டை வைத்துக்கொண்டு அந்த வேனில் இருபது தட்டுகூட ஏற்ற முடியாது. சீட் வந்தது பத்து மணிக்கு மேல்.

"அப்புறம்?"

"சந்துல நிறுத்திட்டு, பன்னெண்டு மணிக்கு சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்குப் போனோம். நாலு மணிக்கு வந்தா வண்டி இல்ல."

"பூட்டு உடையல. சாவி?"

"ஒண்ணு என் இடுப்புல."

"இன்னொண்ணு?"

"அக்கா வீட்டுல," என்றாள் சின்னவள். "நான் எதையும் தொலைச்சிடுவேன். அக்கா எல்லாத்தையும் பத்திரமா வைக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"அக்கா வீட்டுக்காரர்தானே உங்க பாலிசி ஏஜென்ட்? அவர் விருந்துக்கு வந்தாரா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சகலை வந்தாரு," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஒன்றரை மணிக்கு யாரையோ பார்க்கணும்னு கிளம்பிட்டாரு. சரியா சாப்பிடக்கூட இல்ல. எங்க மாமனார் எல்லார் முன்னாடியும் 'ரெண்டு மருமகன்ல ஒருத்தன்தான் உருப்பட்டான்'னு சொல்லிட்டாரு சார். எனக்கே ஒருமாதிரி ஆயிடுச்சு."

"அக்கா?"

"தலைவலின்னு வரல."

சின்னவள் ரொட்டிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். "சார், வாடகை வண்டியில வியாழக்கிழமை வரைக்கும் ஓட்டிடுவோம். அதுக்குள்ள வேற வண்டி நிக்கலைன்னா ஆஸ்பத்திரி ஆர்டர் போயிடும். அது போச்சுன்னா அடுப்பை அணைச்சுட வேண்டியதுதான். ஆனா அதைவிட, பொய் சொன்னவங்கன்னு பேரு வந்துட்டா... அக்கா எதிர்ல எப்படி சார் நிப்பேன்? ஃபார்மெல்லாம் அதுதான் எழுதிக் குடுத்துச்சு."

செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

ஏஜென்ட் வீட்டுக் கதவைத் திறந்தது பெரியவள். மெலிந்த உடம்பு, நெட்டி முறித்ததுபோல நிமிர்ந்த கழுத்து. வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் டைப் அடித்த லேபிள் ஒட்டியிருந்தது. உப்பு. சர்க்கரை. தையல் ஊசி. தீர்ந்துபோன பேட்டரி. சுவரில் சாவிக் கொக்கிகள். ஒன்றின்மேல் 'சின்னவ வேன்'. சாவி அதில் தொங்கியது.

"அழகா இருக்கு," என்றார் டேப் சார் மனதார. ஓர் அலமாரி அவர் கண்ணை இழுத்தது. பழக்கதோஷம், டேப்பை எடுத்து அளந்தார். "நாலு தட்டும் ஒரே இடைவெளி. எந்த ஆசாரி?"

"ஆசாரியா? நான்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்க்ரூ டிரைவர்ல எது பிடி, எது முனைன்னே தெரியாது."

"ஏஜென்சில நீங்களும் இருந்தீங்களே?"

"பதினோரு வருஷம். ஊர்ல ஓடற வேன்ல பாதி என் டைப்ரைட்டர்ல பொறந்தது." சட்டென்று முகம் மூடிக்கொண்டது. "போன வருஷம் கம்ப்யூட்டர் வந்துச்சு. கூடவே ஒரு பொண்ணும் வந்துச்சு. நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

"தங்கச்சி கடை நல்லா போகுது போல?"

"போகுது, போகுது. காய் விக்கறவன்கூட என்னை 'சின்னவ பேக்கரி அக்கா'ன்னுதான் கூப்பிடறான். டீ போடட்டுமா?"

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. போன வருஷம் நொறுங்கிப்போன ஒரு பள்ளி வேனின் மிச்சசொச்சம் அங்கே கிடந்தது. அந்த வேனைத் தேறாது என்று தள்ளியவர் டேப் சார்தான். பதினோரு சீட்டுக்கும் அடியில் சிவப்பு வட்டம் போட்டவரும் அவரே. காயலான் விலைக்கு வாங்கிப்போட்டவர் இந்த ஏஜென்ட்.

எண்ணினார். ஏழு.

ஏஜென்ட் வாசலில் வந்து நின்றார். அந்த ஏழு சீட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணிக்கு எங்க போனீங்க?"

"ஒரு பார்ட்டியைப் பார்க்க."

"பேரு?"

"சொல்ல முடியாது சார்."

"உங்க சகலை மேல உங்களுக்கு வருத்தம் உண்டா?"

"எனக்கா?" ஏஜென்ட் கசப்பாகச் சிரித்தார். "இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?"

டேப் சார் நம்பவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது அவர் உதட்டிலும் அதே சிரிப்புதான் ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை, மதியம் 2.30.

ரொட்டிக்கடையின் பின்கட்டு. அடுப்புச் சூடு. மாவு பிசைகிற நீள மேஜையைச் சுற்றி ரொட்டிக்கடைக்காரர், சின்னவள், பெரியவள், ஏஜென்ட். கதவோரம் இன்ஸ்பெக்டர் அம்மா. ரிப்போர்ட்டை வாங்கிப் போக மேனேஜரே வந்திருந்தான், வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீட் ஏஜென்ட் கொட்டகைல இருந்து வந்தது," என்றார் டேப் சார். "சாவி ஏஜென்ட் வீட்டுல இருந்து வந்தது. வண்டி நொறுங்கணும், க்ளெய்மும் வரக்கூடாது. சீட் இருந்தா க்ளெய்ம் வராதுன்னு திருடனுக்குத் தெரியாது. பாலிசி படிச்சவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப முடிஞ்சுது," என்றான் மேனேஜர். எல்லோர் கண்ணும் ஏஜென்ட் பக்கம் திரும்பின.

"அத்தான்..." என்று சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இல்ல!" ஏஜென்ட் எழுந்துவிட்டார். "வேற கம்பெனியில வேலை கேட்டுப் போயிருந்தேன். மானத்தை விட்டுட்டு, என்னைவிடப் பத்து வயசு சின்னவன் முன்னாடி நின்னேன். அதை எப்படிச் சொல்ல?"

"உட்காருங்க. நீங்க இல்லைன்னு எனக்கு நேத்து ராத்திரியே தெரிஞ்சுபோச்சு." டேப் சார் மேஜைமேல் மாவைத் தூவி விரலால் நாலு கட்டம் வரைந்தார். மூன்று நேராக. ஒன்று கோணலாக. "இந்த நாலாவதுதான் என்னைத் தூங்கவிடல. இடம் இல்ல. சக்கர மேடு இடிக்குது. மூணு தடவை துளை போட்டுப் பார்த்திருக்காங்க. ரெண்டு கால் அந்தரத்துல தொங்குது. ஆனாலும் விடல. ஏன் விடல? நாலு இருந்தே ஆகணும். மூணு போதாது."

"ஒண்ணே போதுமே சார்," என்றான் மேனேஜர், பழக்கத்தில்.

"அதேதான். ஒண்ணே போதும். அது உங்களுக்குத் தெரியும். கிளாஸுக்குப் போய் பரீட்சை எழுதின ஏஜென்ட்டுக்கும் தெரியும். அவரா இருந்தா ஒரு சீட்டை மாட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பியிருப்பாரு. மூணு வரைக்கும் சரக்கு வேன், நாலு வந்தா பயணிகள் வேன். இது பழைய புக். இந்த ரூமுல பழைய புக்கை மட்டும் படிச்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான். திங்கக்கிழமை நாலுன்னு சொல்லி ஆபீஸையே சிரிக்க வச்சேன்."

அவர் பெரியவளைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"இன்னொருத்தர், அலமாரியில நாலு தட்டையும் ஒரே இடைவெளியில அடிக்கத் தெரிஞ்சவங்க."

அடுப்புக்குள் ஏதோ வெடித்தது.

பெரியவள் மறுக்கவில்லை. கைகளை மேஜைமேல், மாவிலேயே, வைத்துக்கொண்டாள். "வண்டியை எங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். வழக்கமா வர்ற வண்டிதானே, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. சீட்டை ஏத்தினேன். குவாரிக்குப் போய் கைத்துளைப்பானால துளை போட்டு மாட்டினேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டேன். மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து பஸ் புடிச்சேன்."

"ஏன்க்கா?" சின்னவளின் குரல் பிசிறியது. "உனக்கு நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான்டி. ஒண்ணுமே பண்ணாம எல்லாம் உனக்கு வந்துச்சு. உனக்குக் கூட்டல் கழித்தல் நான் சொல்லிக் குடுத்தேன். பத்தாவதுல நீ ரெண்டு தடவை கோட்டை விட்டே. இப்ப பலகையில உன் பேரு, அப்பா வாயில உன் புருஷன் பேரு. எனக்குன்னு இருந்தது ஒரு டைப்ரைட்டர். அதையும் தூக்கிப் பரண்ல போட்டாச்சு." மூச்சு வாங்கினாள். "உன் பாலிசியில 'சரக்கு வேன்'னு நான்தான் அடிச்சேன். பின்னாடி சீட் இல்லைன்னு டிக் போட்டதும் நான்தான். என் கையால குடுத்ததை என் கையாலயே எடுத்துக்கலாம்னு தோணுச்சு."

ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். தட்டச்சு மேஜையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தவர் அவர்தான்.

சின்னவள் அழவில்லை. கல்லாவுக்குப் போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து அக்காவின் முன்னால் போட்டாள். அட்டையில் பெரியவளின் கையெழுத்தில் வாய்ப்பாடு. "இன்னைக்கும் இதைப் பார்த்துத்தான் கணக்குப் போடறேன். உன்னை மாதிரி ஒரு மூளை எனக்கில்லையேன்னு எத்தனை நாள் வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா? ஆனா உன் டைப்ரைட்டரை நான் பள்ளத்துல தள்ளலக்கா."

பெரியவள் நோட்டைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டேப் சார் ரிப்போர்ட்டை மேனேஜரிடம் நீட்டினார். "உரிமையாளர் பொருத்தல, அவருக்குத் தெரிஞ்சு வேற யாரும் பொருத்தல. புது புக், நகத்தால கோடு போட்ட வரி. சரக்கு வேன்தான். க்ளெய்ம் குடுக்கணும்."

மேனேஜர் படித்தான். இரண்டு தடவை படித்தான். "நாளைக்குக் காலைல பாஸ் பண்ணிடறேன்," என்றான் ரொட்டிக்கடைக்காரரிடம். பிறகு மெதுவாக, "எனக்குத் தோணவே இல்ல சார்."

எட்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அது தனக்கு இனிக்கும் என்றுதான் டேப் சார் எதிர்பார்த்தார். எதிரே மாவில் பதிந்திருந்த அந்த இரண்டு உள்ளங்கைகளைப் பார்த்தபோது இனிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா பெரியவளின் தோளைத் தொட்டார். அவள் எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"சார், அந்தப் புது புக் கையில இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே, மாவு ஒட்டிய விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தாள். பதினோரு வருஷம் படித்த வேகம். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஒண்ணே போதுமா?"

"ஒண்ணே போதும்மா."

அவள் புத்தகத்தை மூடி, தூசி தட்டி, அவரிடமே கொடுத்தாள்.

"எனக்கு யாரும் சொல்லவே இல்ல," என்றாள். "மூணு சீட்டைச் சும்மா தூக்கியிருக்கேன்."